புது லைக்கன் என்று அறிவிப்பதற்கு முன்

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, மரப்பட்டையில் படர்ந்த சாம்பல் நிற அடை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கையிலுள்ள அடையாளக் கையேட்டில் எந்தக் கிளையில் போனாலும் வழி முட்டி நிற்கிறது. ஒன்று பொருந்தினால் இன்னொன்று பொருந்தவில்லை. மெல்ல ஒரு படபடப்பு: இது யாரும் பெயர் வைக்காத சிற்றினமோ?

இருக்கலாம். லைக்கன் உலகில் அது அதிசயமில்லை. 2016-இல் தொகுத்த கணக்கின்படி பெயருள்ள லைக்கன் பூஞ்சைகள் 19,387. அந்தக் கணக்கு இன்னும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. 2014-இல் கிராஃபிடேசி என்ற ஒரே குடும்பத்திலிருந்து 175 புதுச் சிற்றினங்களை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். கோரா என்ற பேரினத்தின் கதை இன்னும் வேடிக்கை. நெடுங்காலம் ஒரே சிற்றினம் என்று நினைத்திருந்ததை டிஎன்ஏ வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, குறைந்தது 126 சிற்றினங்கள் உள்ளே ஒளிந்திருந்தது 2014-இல் தெரியவந்தது. பிறகு 2017-இல், டேவிட் ஹாக்ஸ்வொர்த் என்ற பூஞ்சையியலாளரின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி, அதே பேரினத்தில் சரியாக 70 புதுப் பெயர்களை வெளியிட்டார்கள்.

ஆகவே ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் இந்த வேலையின் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுச் சிற்றினம் காட்டில் கண்டுபிடிக்கப்படுவதில்லை. காட்டில் கிடைப்பது ஒரு சந்தேகம் மட்டுமே. அந்தச் சந்தேகத்தை ஒவ்வொரு வழியிலும் பொய்யாக்கப் பாருங்கள். எந்த வழியிலும் முடியவில்லை என்றால்தான் எழுத உட்கார வேண்டும். நான் முதன்முதலில் ‘புதிது’ என்று குதித்த மாதிரி, நத்தை மேய்ந்து மேல்தோல் போன ஒரு சாதாரணச் சிற்றினம். இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பெயர் யாருக்கு?

லைக்கன் என்பது தனியொரு உயிர் அல்ல. ஒரு பூஞ்சை தன் இழைகளுக்குள் பாசியையோ சயனோபாக்டீரியாவையோ வைத்து வாழும் கூட்டுக்குடித்தனம் அது. 1860-களின் இறுதியில் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, அன்றைய பெரிய லைக்கன் அறிஞர்கள் பலர் அவரைக் கேலி செய்தார்கள். இன்று பெயரிடும் விதிநூலே தெளிவாகச் சொல்கிறது: லைக்கனுக்கு வைக்கும் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது. உள்ளேயிருக்கும் பாசிக்குத் தனிப் பெயர் உண்டு.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். சில பூஞ்சைகள் பச்சைப்பாசியோடு சேர்ந்தால் ஒரு வடிவிலும், சயனோபாக்டீரியாவோடு சேர்ந்தால் முற்றிலும் வேறு வடிவிலும் வளரும். ஸ்டிக்டா பேரினத்தில் இப்படிப்பட்ட இரட்டை வடிவங்கள் உண்டு. பார்வைக்கு இரண்டு, பூஞ்சை ஒன்று, ஆகவே பெயரும் ஒன்று. உங்கள் கையிலிருப்பது ஏற்கெனவே பெயருள்ள பூஞ்சையின் மறுவேடமாக இருக்கலாம் என்பதை முதல் நாளிலிருந்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒழுங்காகச் சேகரிப்பது

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், கத்தி, உளி, சுத்தியல், மடித்த காகிதப் பொட்டலங்கள், பென்சில். இவ்வளவு போதும். பிளாஸ்டிக் பைகளைத் தொடாதீர்கள்; ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒரே இரவில் பூசணம் பிடித்துவிடும். வேறொரு பூஞ்சை ஏறிய மாதிரியிலிருந்து பிறகு டிஎன்ஏ எடுப்பது பெருந்தொல்லை.

அடை வடிவ லைக்கனைச் சுரண்டி எடுக்க முடியாது. அது ஒட்டியிருக்கும் பட்டையையோ கல்லையோ சேர்த்தே மெல்லிய சில்லாகப் பெயர்க்க வேண்டும். இலை வடிவத்தை லேசாக நனைத்துவிட்டால் உடையாமல் கழன்று வரும். புதர் வடிவத்தில் அடிப்பகுதியை விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு எடுக்கலாம் என்பது தர்மசங்கடமான கேள்வி. லைக்கன்கள் பல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். சில அதுவும் இல்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு திட்டுதான் இருக்கிறது என்றால், படம் எடுத்துக்கொண்டு பக்கத்து மரங்களைத் தேடுங்கள். மறுபக்கம், ஒரு நகத்தளவு துண்டை வைத்துக்கொண்டு புதுச் சிற்றினம் எழுதுவதும் நடக்காத காரியம். வெட்டிப் பார்க்க, வேதிச்சோதனைக்கு, டிஎன்ஏவுக்கு, நிரந்தரமாகப் பாதுகாக்க என்று நான்கு பக்கம் பங்கு போகும். கூடவே, ஒரே மாதிரியை நம்பி எழுதிய சிற்றினங்களை மதிப்பீட்டாளர்கள் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். வெவ்வேறு மரங்களிலிருந்து, முடிந்தால் வெவ்வேறு இடங்களிலிருந்து, சில மாதிரிகளாவது வேண்டும்.

அனுமதி விஷயத்தில் விளையாடாதீர்கள். நிலத்தின் உரிமையாளர், காப்பகம், நாட்டின் உயிரினவளச் சட்டம் எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரியுங்கள். மாதிரியை எல்லை கடந்து அனுப்ப நேர்ந்தால், மரபுவளங்களைப் பயன்படுத்துவது பற்றிய, 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ள நகோயா நெறிமுறையின் கீழ் வரும் தேசிய விதிகள் குறுக்கே வரலாம். அனுமதி எண்ணைக் கேட்கும் ஆய்விதழ்களும் உண்டு. எழுதி முடித்தபின் அதைத் தேடி அலைவதைவிட முன்பே வாங்கி வைப்பது நிம்மதி.

பொட்டலத்தின் மேல் அந்த இடத்திலேயே எழுதுங்கள்: தேதி, உங்கள் சேகரிப்பு எண், அகலாங்கு நெட்டாங்கு, உயரம், எந்த மரம், பட்டை வழவழப்பா சொரசொரப்பா, வெயிலா நிழலா, தரையிலிருந்து எவ்வளவு மேலே. கல்லென்றால் சுண்ணாம்புக்கல்லா என்று நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டுப் பாருங்கள், பொங்கினால் சுண்ணாம்பு. வீடு திரும்பிய பிறகு ‘ஞாபகத்திலிருந்து’ எழுதிய குறிப்பு அரைக்காசு பெறாது.

வந்ததும் காற்றில் உலர்த்துங்கள். பூச்சிகள் ஒழிய, உலர்ந்த மாதிரியை மூடிக் கட்டி உறைபெட்டியில் சில நாள் வைத்து எடுக்கலாம். டிஎன்ஏவுக்கு ஒரு துண்டைத் தனியே எடுத்து வைப்பதை இப்போதே செய்துவிடுங்கள். காலம் போகப் போக டிஎன்ஏ சிதையும்.

இரண்டாம் படி: வெட்டிப் பார்ப்பது

புதியவர்கள் பொறுமை இழக்கும் இடம் இது. அடை வடிவ லைக்கனில் வெளித்தோற்றம் கதையின் பாதிகூட இல்லை; மீதி எல்லாம் நுண்ணோக்கியில்தான்.

முதலில் உடலம்: நிறம், தடிப்பு, விளிம்பு, மேல்தோல். அதன் மேல் தூளாக உதிரும் சொரீடியா உண்டா, முட்டுமுட்டாக நிற்கும் இசிடியா உண்டா? உலர்ந்த நிலையில் ஒரு முறை, நனைத்து ஒரு முறை பாருங்கள், படமும் எடுங்கள். நனைந்தால் மேல்தோல் ஒளி ஊடுருவ, உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். உள்ளிருக்கும் பாசி டிரென்டிபோலியா என்றால் நகத்தால் கீறிய இடம் ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ தெரிவதுண்டு.

அடுத்து இனப்பெருக்க உறுப்புகள். கிண்ணம் போன்ற அப்போதீசியமா, குடுவை போலப் புதைந்த பெரிதீசியமா, எழுத்துக் கிறுக்கல் போன்ற கோடுகளா? புது பிளேடை எடுத்து, இருகண் நுண்ணோக்கியின் கீழ், கிண்ணத்தை நடுவாகச் செங்குத்தாகச் சீவுங்கள். முதல் இருபது சீவல் குப்பைக்குத்தான் போகும். கை பழகிவிட்டால், ஒளி எளிதில் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்கள் தானாக வரும்.

சீவலை முதலில் வெறும் நீரில் வையுங்கள். அளவுகள் எல்லாம் நீரில் எடுத்ததாக இருக்கட்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டால் திசுக்கள் உப்பும். அதில் எடுத்த அளவை இன்னொருவர் நீரில் எடுத்ததோடு ஒப்பிட்டு, இல்லாத வேறுபாட்டைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. பிறகுதான் மற்றவை: ஸ்போர்கள் (வித்துகள்) உருவாகும் பையான ஆஸ்கஸின் நுனி அமைப்பைக் காண அயோடின் கரைசல், சிறு படிகங்களைக் காண முனைவாக்கிய ஒளி. வித்தடுக்கின் உயரம், அதன் மேல்பகுதியின் நிறம், கிண்ணச் சுவர், மலட்டு இழைகளின் தடிப்பு, ஒரு ஆஸ்கஸில் எத்தனை ஸ்போர், ஸ்போரில் எத்தனை தடுப்புச் சுவர் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஸ்போர் விஷயத்தில் செல்லாது. குறைந்தது இருபது முப்பது முதிர்ந்த ஸ்போர்களை, வெவ்வேறு கிண்ணங்களிலிருந்து அளக்க வேண்டும். ஆஸ்கஸுக்கு வெளியே கிடப்பவையாக இருந்தால் நல்லது. முடிவை (11–)12–15(–17) × 5–7 மைக்ரோமீட்டர் என்ற பாணியில் எழுதுவார்கள்: அடைப்புக்குறிக்குள் இருப்பது அரிதாகக் கண்ட எல்லைகள், வெளியே இருப்பது வழக்கமான வீச்சு. எத்தனை ஸ்போர் அளந்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. லைக்கன்களின் மேல் ஒட்டுண்ணியாக வாழும் பூஞ்சைகள் ஏராளம். அவற்றின் கருப்புக் கிண்ணங்கள் லைக்கனின் சொந்தக் கிண்ணங்கள் போலவே அமர்ந்திருக்கும். உடலத்தை ஒருவரிடமிருந்தும் ஸ்போரை இன்னொருவரிடமிருந்தும் எடுத்து எழுதினால், உலகில் இல்லாத ஒரு கலப்பு மிருகத்துக்குப் பெயர் வைத்தவர் ஆவீர்கள். கிண்ணத்தின் அடிவரை வெட்டி, அதன் இழைகள் உடலத்தோடு தொடர்ச்சியாக இணைகின்றனவா என்று பாருங்கள். கிண்ணத்தைச் சுற்றி உடலம் நிறம் மாறியோ அழுகியோ இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் படி: நிறச் சோதனைகள்

லைக்கன்கள் தமக்கென்றே பல சேர்மங்களை உருவாக்குகின்றன. அவற்றைச் சொட்டு வேதிப்பொருளால் கண்டுபிடிக்கும் வழக்கத்தை 1866-இல் தொடங்கி வைத்தவர் வில்லியம் நைலாண்டர். இன்றும் அதே முறைதான். ‘கே’ என்பது சுமார் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ‘சி’ என்பது வெளுப்பான் கரைசல். ‘பி’ என்பது பாரா-ஃபீனிலீன்டைஅமீன். கேயும் சியும் அடுத்தடுத்து விட்டால் ‘கேசி’.

உடலத்தின் ஒரு சின்னத் துண்டில், நுண்ணோக்கியின் கீழ், கண்ணாடிக் குச்சி நுனியால் ஒரு துளி. கே பட்டு ஊதாவானால் பாரியட்டின் போன்ற ஆந்த்ரகுவினோன். மஞ்சளாகி மெல்லச் சிவந்தால் நார்ஸ்டிக்டிக் அமிலமாக இருக்கலாம். சீவலில் அதே கரைசலை விட்டுக் காத்திருந்தால் சிவப்பு ஊசிப் படிகங்கள் முளைப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பார்த்தவர்கள் மறப்பதில்லை. சி பட்டுச் சிவந்தால் லெகனோரிக் அல்லது ஜைரோஃபோரிக் அமிலம். புறஊதா விளக்கில் பளிச்சென்று மஞ்சளாக ஒளிர்ந்தால் லைக்கசாந்தோன்.

வெளுப்பான் பழசானால் வேலை செய்யாது. ஆகவே நிறம் மாறவில்லை என்று எழுதுவதற்கு முன், நிச்சயமாக மாறும் என்று தெரிந்த ஒரு லைக்கனில் அதே புட்டியைச் சோதித்துப் பாருங்கள். இல்லாததை இல்லை என்று சொல்வதற்குத்தான் அதிகச் சான்று வேண்டும். ‘பி’ நச்சுப்பொருள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மேசையில் சிந்தாதீர்கள்.

சொட்டுச் சோதனை ஒரு குறிப்பு மட்டுமே. சேர்மத்தின் பெயரை எழுத வேண்டுமானால் மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை செய்தாக வேண்டும். துண்டை அசிட்டோனில் ஊறவைத்து, சிலிக்கா தகட்டில் புள்ளியிட்டு, நிலையான கரைப்பான் கலவைகளில் ஓடவிட்டு, கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் புள்ளிகள் நிறமெடுத்து எழும். அட்ரனோரினும் நார்ஸ்டிக்டிக் அமிலமும் கொண்ட தெரிந்த மாதிரியைப் பக்கத்திலேயே ஓடவிடுவது வழக்கம்; அவற்றை அளவுகோலாகக் கொண்டுதான் மற்றப் புள்ளிகளைப் படிக்க முடியும். லெப்ராரியா போன்ற, எப்போதும் தூளாகவே கிடக்கும் பேரினங்களில் இது இல்லாமல் ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது.

வேதியியல் மட்டும் வேறுபட்டால் அது புதுச் சிற்றினமா? இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது: தனியாக அது போதாது. பிரையோரியா ஃப்ரீமாண்டியை, பிரையோரியா டோர்ட்டுவோசா என்ற இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னதில் வல்பினிக் அமிலம் மிகுந்து மஞ்சளாக இருக்கும், முன்னது பழுப்பு. 2016-இல் டோபி ஸ்பிரிபில் குழுவினர் ஆராய்ந்தபோது இரண்டிலும் முதன்மைப் பூஞ்சை ஒன்றுதான், பாசியும் ஒன்றுதான் என்று தெரிந்தது. மாறியது மேல்தோலில் புதைந்திருந்த ஒருவகை ஈஸ்ட்டின் அளவு. பெயர் பூஞ்சைக்கு என்ற விதியை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

நான்காம் படி: டிஎன்ஏ

விதிநூல் டிஎன்ஏவைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் இன்று நல்ல ஆய்விதழ்கள் பலவும் எதிர்பார்க்கின்றன. பூஞ்சைகளுக்கான அடையாளப் பகுதியாக 2012-இல் முன்மொழியப்பட்டது ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி. அதோடு மைட்டோகாண்டிரிய எஸ்எஸ்யு போன்ற இன்னொரு பகுதியாவது இருந்தால் கை பலப்படும். உங்களிடம் ஆய்வகம் இல்லையென்றால் இருப்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இது தனியாளாக முடிக்க வேண்டிய வேலையில்லை.

டிஎன்ஏ வரிசை கிடைத்ததும் ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். ‘மிக நெருங்கிய பொருத்தம் 92 சதவீதம்’ என்று வரும். உடனே துள்ளாதீர்கள். பெயருள்ள லைக்கன்களில் பலவற்றுக்கு ஜென்பேங்க்கில் வரிசையே இல்லை. உங்களுடையது நூறாண்டுக்கு முன் பெயரிட்டு இன்றுவரை யாரும் டிஎன்ஏ எடுக்காத சிற்றினமாக இருக்கலாம். தரவுத்தளத்தில் இல்லாததும் உலகில் இல்லாததும் ஒன்றல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு: 99 சதவீதம் பொருந்தும் வரிசையின் மேல் ஒட்டியிருக்கும் பெயர், அதைப் பதிவேற்றியவரின் தவறான அடையாளமாக இருக்கலாம். நம்பகமான மாதிரிகளின் வரிசைகளை மட்டும் சேர்த்து உறவுமரம் வரைந்து, உங்கள் மாதிரிகள் எல்லாம் ஒரே கொத்தாக, உறுதியான ஆதரவோடு தனித்து நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரே மாதிரியின் ஒரே வரிசை எந்த மரத்திலும் தனியாகத்தான் நிற்கும்.

ஐந்தாம் படி: பழைய பெயர்களோடு போராட்டம்

முழு வேலையில் பாதி இங்கேதான் போகும். போகவும் வேண்டும்.

பெயர்களின் முன்னுரிமை 1753 மே 1-லிருந்து தொடங்குகிறது. லின்னேயஸின் ஸ்பீசியஸ் பிளாண்டாரம் வெளியான தேதியாக விதிநூல் எடுத்துக்கொண்ட நாள் அது. அவர் லைக்கன்கள் எல்லாவற்றையும் ஒரே பேரினத்தில் கொட்டி வைத்திருந்தார். அவற்றைப் பிரித்து ஒழுங்குபடுத்தியவர் அவருடைய மாணவர் எரிக் அகாரியஸ். அன்றிலிருந்து இன்றுவரை வைத்த பெயர்கள் அனைத்தும், மறந்துபோனவையும் ஓரங்கட்டப்பட்டவையும் சேர்த்து, உங்கள் புதுப் பெயரை வீழ்த்தும் உரிமை கொண்டவை. ஒத்த பெயர்ப் பட்டியலில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் 1880-களின் பெயர் எழுந்து வந்து ‘நான்தான் இது’ என்று சொல்லிவிட்டால், உங்கள் கட்டுரைக்கு மிஞ்சுவது அடிக்குறிப்பு வாழ்க்கை.

எங்கே தேடுவது? இண்டெக்ஸ் ஃபங்கோரம், மைக்கோபேங்க் என்ற இணையத் தரவுத்தளங்கள் இரண்டும் பெயர்களுக்கு. அலெக்சாண்டர் ஸால்ப்ருக்னர் 1921 முதல் 1940 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட லைக்கன் பெயர்ப்பட்டியல் இன்றும் பொக்கிஷம். உங்கள் பேரினத்தைப் பற்றிய கடைசி முழு ஆய்வைத் தேடிப் பிடித்து, அதில் ஏற்கப்பட்ட சிற்றினங்களை மட்டுமல்ல, ஒத்த பெயர்களாகத் தள்ளப்பட்டவற்றையும் பட்டியலிடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் மூல விவரிப்பையும் படியுங்கள். பெரும்பாலும் இலத்தீன், நைலாண்டருடையது சில சமயம் இரண்டு மூன்று வரிதான் இருக்கும். அந்த மூன்று வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது அடுத்த நிமிடமே புரியும்.

அதனால்தான் மூல மாதிரிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பெயர் எந்த மாதிரியோடு நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கிறதோ அதுவே அதன் டைப். அகாரியஸ், நைலாண்டர் இருவரின் தொகுப்புகளும் ஹெல்சிங்கியில் உள்ளன, இன்னொரு லைக்கன் அறிஞரான வைனியோவினுடையது ஃபின்லாந்தின் துர்க்குவில். பல ஹெர்பேரியங்கள் (உலர்ந்த மாதிரிகளைப் பாதுகாக்கும் காப்பகங்கள்) டைப் மாதிரிகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஆனால் படத்தில் ஸ்போர் தெரியாது. மாதிரியைக் கடனாகக் கேட்டால் பெரும்பாலும் தனிநபருக்கு அனுப்பமாட்டார்கள், ஒரு நிறுவனத்தின் பெயருக்கே அனுப்புவார்கள். ஆகவே அருகிலுள்ள ஹெர்பேரியத்தின் காப்பாளரோடு முன்பே நட்பாக இருப்பது நல்லது. டைப்பிலிருந்து கிண்ணம் ஒன்றை வெட்டிப் பார்ப்பதற்குக்கூட எழுத்தில் அனுமதி கேளுங்கள். சில டைப்களில் மிஞ்சியிருப்பதே நான்கைந்து கிண்ணம்தான்.

இந்தக் கட்டத்தில் உங்களையே குறுக்கு விசாரணை செய்யுங்கள். இது நிழலில் வளர்ந்த வடிவமா? இளசா? முதுமையா? நோய் பிடித்ததா? கிண்ணங்களோடு வளரும் ஒரு சிற்றினத்தின் சொரீடியா வடிவமா? நான்கைந்து மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சில வேறுபாடுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சறுக்கிக்கொண்டே போவது தெரியும். அப்படிச் சறுக்குகிற வேறுபாடு எல்லைக்கோடாகாது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு மூன்று வேறுபாடுகள், எல்லா மாதிரிகளிலும் சேர்ந்தே வந்தால், அங்கே ஏதோ இருக்கிறது.

கடைசியாக, உங்கள் பேரினத்தில் பழகிய ஒருவருக்குப் படங்களையும் அளவுகளையும் அனுப்பிக் கேளுங்கள். ‘இது தெரிந்ததுதான்’ என்று ஒரு வரிப் பதில் வந்தால் வருத்தமாகத்தான் இருக்கும். அச்சான பிறகு அதே வரியை இன்னொருவர் எழுதுவதைவிட அது மேல்.

ஆறாம் படி: பெயர் தேர்வு

இலக்கண விளையாட்டு இது. பெயரின் இரண்டாம் சொல் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு இயைய வேண்டும். லெகனோரா பெண்பால், ஆகவே லெகனோரா ஆல்லோஃபானா. டிப்ளோஸ்கிஸ்டெஸ் ஆண்பால், ஆகவே டிப்ளோஸ்கிஸ்டெஸ் ஸ்குருபோசஸ். ரைசோகார்ப்பன் இரண்டுமில்லை, நம் ஒன்றன்பால் போல. ஆகவே ரைசோகார்ப்பன் ஜியோகிராஃபிகம்.

ஆள் பெயரை வைத்தாலும் விகுதிக்கு விதி உண்டு. 2009-இல் கெர்ரி நுட்சன் ஒரு லைக்கனுக்கு அன்றைய அமெரிக்க அதிபரின் பெயரை வைத்தபோது கலோபிளாக்கா ஒபாமே என்று முடித்தார். ஆணுக்குப் போய் இந்த விகுதியா என்று திகைக்க வேண்டாம். ‘ஆ’ ஒலியில் முடியும் பெயர்களுக்கு விதி அப்படி. உங்கள் பெயரையே வைக்க விதிநூல் தடை சொல்லவில்லை. ஆனால் யாரும் வைப்பதில்லை, வைத்தால் சிரிப்பார்கள். பேரினப் பெயரையே அப்படியே சிற்றினப் பெயராகத் திருப்பிச் சொல்லவும் முடியாது. விலங்கியலில் செல்லும், இங்கே செல்லாது.

அதே பேரினத்தில் அதே பெயர் முன்பே இருந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பழைய பெயர் இன்று யாரும் பயன்படுத்தாததாக இருந்தாலும் உங்கள் பெயர் முறையற்றதாகிவிடும். என் விருப்பம்: சிற்றினத்தின் கண்ணுக்குத் தெரியும் குணம் ஒன்றைச் சொல்லும் பெயர். கண்டெடுத்த இடத்தின் பெயரை வைத்துவிட்டு, பிறகு அது மூன்று கண்டங்களில் கிடைத்த கதைகள் நிறைய.

ஏழாம் படி: செல்லுபடியாகும்படி எழுதுவது

அறிவியல் சரியாக இருந்தும் ஒரு சின்ன விடுபடலால் பெயர் செல்லாமல் போகும் இடம் இது. விதிநூல் கறாரானது. பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான அதன் இப்போதைய பதிப்பு மாட்ரிட் விதிநூல், 2025-இல் வெளியானது. இவை நான்கையும் எழுதி மேசை முன் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்:

1. விவரிப்போ, வேறுபாட்டுக் குறிப்போ இலத்தீனில் அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். 1935 முதல் 2011 முடியும்வரை இலத்தீன் மட்டும்தான். தமிழில் எவ்வளவு அழகாக எழுதினாலும், அது கூடுதலாக இருக்கலாமே தவிர, தனியாகச் செல்லாது.
2. ஒரே சேகரிப்பு ஒன்றை ஹோலோடைப் என்று குறிப்பிட்டு, அது எந்த ஹெர்பேரியத்தில் உள்ளது என்றும் சொல்ல வேண்டும். இரண்டு வெவ்வேறு நாளில் எடுத்தவற்றைச் சேர்த்து டைப் என்று எழுதினால் பெயர் செல்லாது. அதே சேகரிப்பின் மீதத் துண்டுகளை ஐசோடைப்களாக மற்ற ஹெர்பேரியங்களுக்கு அனுப்பலாம்.
3. பதிவு எண். 2013 ஜனவரி 1 முதல் பூஞ்சைப் பெயர் எதுவும் மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம், ஃபங்கல் நேம்ஸ் மூன்றில் ஒன்று தரும் எண் இல்லாமல் செல்லாது. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு எண்ணை வாங்கி, அச்சாகும் பிரதியிலேயே சேர்க்க வேண்டும்.
4. அச்சிலோ, ஐஎஸ்எஸ்என் அல்லது ஐஎஸ்பிஎன் உள்ள இணைய வெளியீட்டில் பிடிஎஃப் வடிவிலோ வர வேண்டும். உங்கள் வலைப்பக்கத்தில் முன்கூட்டியே பெயரைப் போட்டுவிட்டால், செல்லாத பெயர் ஒன்று ஊர் சுற்றத் தொடங்கும். அதை யாராலும் திரும்பக் கூப்பிட முடியாது.

கட்டுரையின் உயிர் வேறுபாட்டுக் குறிப்பில் இருக்கிறது. நீளமாக எழுதாதீர்கள். ‘இன்ன சிற்றினத்தைப் போன்றது, ஆனால் ஸ்போர்கள் பெரியவை, 18–22 × 7–9, அதிலோ 12–15 × 5–6 மைக்ரோமீட்டர், நார்ஸ்டிக்டிக் அமிலம் உண்டு, அதில் இல்லை’ என்ற அளவில் இரண்டு வாக்கியம் போதும். எதோடு ஒப்பிடுகிறீர்களோ அதன் அளவையும் பக்கத்திலேயே தர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ‘பெரியவை’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்?

அதன்பின் முழு விவரிப்பு, வெளியிலிருந்து உள்ளே: உடலம், பாசி, கிண்ணம், ஆஸ்கஸ், ஸ்போர், பிக்னீடியா (நுண்வித்துகளை உருவாக்கும் சிறு குடுவைகள்), வேதியியல். பிறகு பெயர்க்காரணம், வாழிடம், பார்த்த மற்ற மாதிரிகள், குழம்பக்கூடிய சிற்றினங்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பீடு. பிக்னீடியாவைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் ‘காணப்படவில்லை’ என்று எழுதுங்கள். ‘இல்லை’ என்பது வேறு. படங்களில் அளவுக்கோடு இருக்கட்டும். மொத்தத் தோற்றம், கிண்ணத்தின் வெட்டு, ஸ்போர் மூன்றும் கட்டாயம். அந்தப் பேரினத்துக்கு நீங்களே ஒரு அடையாளத் திறவுகோல் சேர்த்தால் உங்கள் கட்டுரையைத்தான் எல்லாரும் எடுத்துப் பார்ப்பார்கள்.

அனுப்ப இதழ்கள் உண்டு: 1958 முதல் வெளிவரும் தி லைக்கனாலஜிஸ்ட், தி பிரையாலஜிஸ்ட், ஹெர்ட்ஸோகியா, ஃபைட்டோடாக்சா, மைக்கோகீஸ். மதிப்பீட்டாளர் ‘இன்ன சிற்றினத்தின் டைப்பைப் பார்த்தீர்களா?’ என்று கேட்பார். பார்த்திருந்தால் அந்தக் கடிதம் இனிக்கும்.

கட்டுரை வெளியான அன்றே முடிக்க வேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. பதிவுத்தளத்தில் இதழ், பக்கம், தேதியை நிரப்புங்கள். ஜென்பேங்க்கில் வரிசைகளைத் திறந்துவிட்டு, பழைய தற்காலிகப் பெயரை நீக்கிப் புதுப் பெயரை இடுங்கள். ஐசோடைப்களைத் தபாலில் சேருங்கள். ஹோலோடைப் இன்னும் உங்கள் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது என்றால், அதை முதலில் ஹெர்பேரியத்தில் கொடுத்து, சேர்க்கை எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.